சொல்லுறதும் வாங்குறதும்: பசுமை நுகர்வு, பெண் தலைமைத்துவம் எண்டால் என்ன?

எங்கட வன்னிப் பக்கத்தில இப்ப ரெண்டு சொல்லு எங்க போனாலும் காதில விழுது. ஒண்டு பசுமை, மற்றது பெண் தலைமைத்துவம். பிரதேச செயலகத்துப் பதாகையில இருக்கு, மாதர் சங்கக் கூட்டத்துக்கு வந்து கதைக்கிறவையின்ர வாயில இருக்கு, சவர்க்காரப் பெட்டியில பச்சை இலையா அச்சடிச்சும் இருக்கு. வவுனியா கம்பஸ் 2021 இல தனிப் பல்கலைக்கழகமா வந்திட்டுது, அங்கயும் மற்ற இடங்களிலயும் வணிகம், முகாமைத்துவம் படிக்கிற பிள்ளையள் இப்பிடியான தலைப்பை எடுத்துக்கொண்டு வினாக்கொத்தோட ஊருக்குள்ள வருகினம். நிரப்பிக் குடுக்கிற சனத்திட்ட "என்னத்துக்கு வந்தவை?" எண்டு கேட்டால் "என்னவோ பொலித்தீனைப் பற்றிக் கேட்டவை" எண்டுதான் மறுமொழி வரும். பேந்து பேஸ்புக்கில ஆரோ "பொம்பிளையள் தலைமைக்கு வந்தால் சூழல் தப்பும் எண்டு ஆய்வு சொல்லுது" எண்டு போடுவினம், கொஞ்சப்பேர் கை தட்டுவினம், கொஞ்சப்பேர் சண்டை பிடிப்பினம், அந்த ஆய்வு உண்மையில என்னத்தை அளந்தது எண்டு ரெண்டு பக்கத்திலயும் ஒருத்தரும் கேக்கிறேல்லை.

நானும் வணிகம் படிச்சு, ஒரு ஆய்வுக்காக ஒட்டுசுட்டான் பக்கத்தில வீடு வீடாத் திரிஞ்சனான். அந்த அனுபவத்தை வச்சு, இந்தப் பாடம் ஒண்டும் தெரியாத ஆளுக்கும் விளங்குற மாதிரி எழுதுறன். எங்கட சனத்திட்ட இருந்து பதிலை வாங்கிக்கொண்டு போறவை, அந்தப் பதில் என்னவாகுது எண்டு சனத்துக்குச் சொல்லவும் வேணும் எண்டது என்ர எண்ணம்.

உமல் கொண்டு போன காலம்

அம்மம்மா மீன் வாங்கப் போகேக்க உமல் கொண்டு போவா. பனை ஓலையில இழைச்ச பை, மீன் தண்ணி கீழால வடிஞ்சு போகும், வீட்ட வந்து கழுவி வேலியில கொழுவி விட்டால் அடுத்த நாளும் உதவும். நெல்லுக்கும் மாவுக்கும் கடகம், பெட்டி. இப்ப ஒரு கேள்வி: அம்மம்மா ஒரு பசுமை நுகர்வோரோ?

முதல்ல சொல்லை விளங்கிக்கொள்ளுவம். நுகர்வோர் எண்டால் காசு குடுத்து சாமான் வாங்கிப் பாவிக்கிற ஆள், நீங்களும் நானும்தான். பசுமை நுகர்வோர் நடத்தை எண்டால் ஒரு சாமானை வாங்கேக்கயும் பாவிக்கேக்கயும் கடைசியா எறியேக்கயும் மண்ணுக்கும் தண்ணிக்கும் காத்துக்கும் வாற கேட்டைக் குறைக்கிற மாதிரி நடக்கிறது. இதில மூண்டு கட்டம் இருக்கு. கனபேர் முதலாவதை மட்டும்தான் நினைக்கினம், "ஓகானிக்" எண்டு எழுதின சாமானைக் கூடின விலைக்கு வாங்கினால் பசுமை எண்டு. ஆனால் வாங்கின மின்விசிறியைப் பத்து வருசம் திருத்தித் திருத்திப் பாவிக்கிறதும் இதுக்குள்ள வரும், பிளாஸ்ரிக் போத்தலை அடுப்பில போட்டு எரிக்காமல் விடுறதும் வரும். இந்தப் பாட்டில வன்னிச் சனம் செய்யிற கனவிசயம் பசுமைதான், ஆனால் அதுக்கு லேபிள் இல்லை எண்டதால கணக்கில வாறேல்லை.

அம்மம்மாவின்ர கேள்விக்கு வாறன். அவவின்ர செய்கை பசுமை, அதில சந்தேகமில்லை. ஆனால் அவவுக்கு வேற தெரிவு இருக்கேல்லை, அந்தக் காலத்தில ஊர்க்கடையில சொப்பிங் பாக் எண்ட சாமானே இல்லை. 2022 இல பெற்றோல் இல்லாமல் நாங்கள் எல்லாரும் சைக்கிள் மிதிச்சம் தானே, ஏ9 ரோட்டில மாங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் எத்தினை பேர் சைக்கிளில போனவை. காத்துக்கு நல்லதுதான், ஆனால் ஒருத்தரும் காத்தை நினைச்சு மிதிக்கேல்லை. பெற்றோலைப் பங்கிட்டுக் குடுக்கிற கியூஆர் கோட் வந்து அது ஒழுங்காக் கிடைக்கத் தொடங்கினவுடன சைக்கிள் திரும்பக் கொட்டிலுக்குள்ள போட்டுது.

அதால ஆய்வு செய்யிறவை ரெண்டைப் பிரிச்சுப் பாக்கினம்: செய்கை என்ன, அந்தச் செய்கைக்குக் காரணம் என்ன. காரணம் தெரியாட்டில் அது நிலைக்குமோ நாளைக்கு மாறுமோ எண்டு சொல்லேலாது. வியாபாரம் செய்யிறவைக்கு இது முக்கியம், ஏனெண்டால் அவை காசு போட்டு ஒரு சாமானைச் செய்து வைக்கிறது நாளைக்கும் ஆக்கள் வாங்குவினம் எண்டு நம்பித்தான்.

இவ்வளவும் சொன்னது இதுதான்: பசுமை நடத்தை வாங்குறதோட முடியிறேல்லை, பாவிக்கிறதும் எறியிறதும் சேர்த்தி. செய்கையும் காரணமும் வேற வேற.

"ஓம் பிள்ளை, கட்டாயம்"

ஒட்டுசுட்டான் பக்கத்தில ஒரு மாமி வீட்ட போனனான். நல்ல வெயில். அவ என்னைக் கண்டவுடன கதிரை போட்டு, தேசிக்காய்த் தண்ணி கரைச்சுத் தந்திட்டுத்தான் "என்ன பிள்ளை கேக்கப் போறீர், கேளும்" எண்டவ. நான் கொண்டு போன வினாக்கொத்தில ஒவ்வொரு வசனத்துக்கும் நேர ஐஞ்சு பெட்டி இருந்தது, "முற்றாக மறுக்கிறேன்" இல தொடங்கி "முற்றாக உடன்படுகிறேன்" வரைக்கும். இதுக்குப் பேர் லிக்கேட் அளவுகோல், ரென்சிஸ் லிக்கேட் எண்ட அமெரிக்க உளவியலாளர் 1932 இல கொண்டு வந்தது. மனசில இருக்கிறதை ஒண்டில இருந்து ஐஞ்சு வரைக்கும் ஒரு எண்ணாக்கிற வேலை, அவ்வளவுதான்.

"நான் பொலித்தீன் பைகளைத் தவிர்க்கிறேன்" எண்டு வாசிச்சன். "ஓம் பிள்ளை, கட்டாயம்" எண்டவ. ஐஞ்சு. "சூழலுக்குப் பாதுகாப்பான பொருளுக்குக் கூடுதலாகப் பணம் செலுத்தத் தயாராக இருக்கிறேன்." "ஓம் ஓம், அதுவும் கட்டாயம்." அதுக்கும் ஐஞ்சு. அப்பிடியே எல்லாத்துக்கும் ஐஞ்சு போட்டு முடிக்கேக்க மீன்காரத் தம்பி மோட்டர் சைக்கிளில ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வந்திட்டார். மாமி எழும்பிப் படலையடிக்குப் போய், அரைக் கிலோ சூடை வாங்கி, அவர் நீட்டின பொலித்தீன் பாக்கிலயே கொண்டு வந்து குசினிக்குள்ள வச்சவ.

மாமி பொய் சொன்னவவோ? நான் அப்பிடி நினைக்கேல்லை. ஒரு பிள்ளை வெயிலுக்குள்ள வந்து கேக்குது, அதுக்கு என்ன மறுமொழி விருப்பமா இருக்கும் எண்டு அவவுக்குத் தெரியும், தேசிக்காய்த் தண்ணியைப் போல அதையும் தந்து விட்டவ. இதுக்கு ஆய்வில ஒரு பேர் இருக்கு, சமூக விருப்பச் சாய்வு. கேக்கிறவைக்கு முன்னால நல்ல ஆளாத் தெரியிற பதிலைச் சொல்ல மனுசருக்கு வாற இழுப்பு. இது படிச்ச ஆக்களுக்கும் இருக்கு, கொழும்பிலயும் இருக்கு, லண்டனிலயும் இருக்கு.

இன்னொண்டு, மாமி பொலித்தீன் கூடாது எண்டு நினைக்கிறது உண்மை. மாட்டின்ர வயித்துக்குள்ள பொலித்தீன் இருந்ததைப் பற்றி அவவே எனக்குச் சொன்னவ. நினைப்பு ஒரு பக்கம், கை போற பக்கம் வேற. இந்தத் தூரத்துக்குப் பேர் மனப்பாங்கு-நடத்தை இடைவெளி. பசுமை நுகர்வு ஆய்வில கனகாலமா எல்லாரும் மண்டையைப் போட்டு உடைக்கிறது இந்த ஒரு இடைவெளியோடதான். ஆகவே "80 வீதமானோர் பசுமைப் பொருளை ஆதரிக்கினம்" எண்டு எங்கயாவது வாசிச்சால், அது சொன்னதோ செய்ததோ எண்டு முதல்ல கேளுங்கோ.

திரும்பி வரேக்க ஒண்டைக் கவனிச்சனான். குசினிக் கதவில ஒரு ஆணி, அதில ஒரு பாக், அதுக்குள்ள கழுவிக் காயவச்சு மடிச்ச பழைய பாக்குகள் ஒரு கட்டு. ஒவ்வொண்டையும் மூண்டு நாலு தரம் பாவிப்பா போல. என்ர வினாக்கொத்தில அதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அவ செய்யாததுக்கு ஐஞ்சு மாக்ஸ், அவ செய்யிறதுக்கு ஒரு பெட்டி கூட இல்லை. அண்டைக்கு எனக்கு அது மனசுக்குள்ள பெரிய உறுத்தலாப் போட்டுது.

வற்றாப்பளைக்குப் போறதை நினைச்சுப் பாருங்கோ

அப்ப இடைவெளி ஏன் வருது? இதுக்குக் கனக்க விளக்கம் இருக்கு, அதில கூடுதலாப் பாவிக்கிறது ஐசெக் அய்சன் எண்ட உளவியலாளர் 1991 இல விரிவா எழுதின திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு. பேரைக் கேட்டுப் பயப்பிடாதேங்கோ, வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மனிட்டப் போறதை வச்சுச் சொல்லுறன்.

நீங்கள் போறதுக்கு மூண்டு விசயம் சேரவேணும். உங்களுக்குப் போக விருப்பம் இருக்கவேணும், அது ஒண்டு. வீட்டிலயும் அயலிலயும் "என்ன, போகேல்லையோ?" எண்டு கேக்கவேணும், எல்லாரும் போகினம் எண்டு தெரியவேணும், அது ரெண்டு. பஸ் இருக்கோ, கையில காசு இருக்கோ, ஆட்டையும் மாட்டையும் பாக்க ஆள் இருக்கோ எண்டு பாத்து "என்னால ஏலும்" எண்டு படவேணும், அது மூண்டு. மூண்டும் சேர்ந்தால் "இந்த முறை போறது" எண்டு மனசில ஒரு முடிவு விழும். முடிவு விழுந்த பிறகும் அண்டைக்குப் பின்னேரம் பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் போறேல்லை.

அய்சன் சொன்னதும் இதுதான். விருப்பத்துக்குப் பேர் மனப்பாங்கு. மற்றவையின்ர எதிர்பார்ப்புக்குப் பேர் அகவய நெறி. "என்னால ஏலும்" எண்ட நினைப்புக்குப் பேர் உணரப்பட்ட கட்டுப்பாடு. மூண்டும் சேர்ந்து உண்டாக்கிறது உத்தேசம், உத்தேசத்தில இருந்துதான் நடத்தை வருது, அதுவும் எப்பவும் வாறேல்லை.

எங்கட பக்கத்தில விழிப்புணர்வுக் கூட்டம் எண்டு வைக்கிறது எல்லாம் முதலாவதைத்தான் பிடிச்சு உலுப்புது. சனத்துக்குச் சூழலைப் பற்றித் தெரியாது எண்ட நினைப்பு. சனத்துக்கு நல்லாத் தெரியும், எங்களுக்கு இடறுறது கூடுதலா மூண்டாவது, அதுதான் "என்னால ஏலும்" எண்டது.

இதை எல்லாரையும் விட வன்னி விவசாயி அனுபவிச்சுப் பாத்தவர். 2021 இல அரசாங்கம் இரசாயன உரத்தையும் கிருமிநாசினியையும் கொண்டு வர ஒரேயடியாத் தடை போட்டது, நாடு முழுக்க இயற்கை விவசாயம் எண்டு. சேதனப் பசளை மண்ணுக்கு நல்லது எண்டு எங்கட ஆக்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை, எருவும் குழையும் தாட்டு வயல் செய்த பரம்பரை. ஆனால் முழு வயலுக்கும் காணக்கூடிய பசளை எங்க? அதைச் செய்யிறதுக்குக் காலம் எங்க? நவம்பரில தடையை எடுக்கேக்க காலபோகம் தொடங்கியாச்சு, பயிர் மஞ்சளடிச்சு நிண்டது. விருப்பம் இருந்தாலும் ஏலாத இடத்தில பசுமையைத் திணிச்சால் சனம் பசுமை எண்ட சொல்லையே வெறுத்துப்போகும், இப்பவும் எங்கட வயல்கரையில அந்த வெறுப்பு இருக்கு, அதில ஞாயமும் இருக்கு.

மற்றப் பக்கத்துக்கு ஒரு உதாரணம். அயர்லாந்தில 2002 இல கடையில குடுக்கிற பிளாஸ்ரிக் பைக்கு 15 சதம், அதாவது யூரோவில, வரி போட்டவை. ஒரு ஆள் வருசத்துக்குச் சராசரியா 328 பை எடுத்த நாடு அது, கொஞ்சக் காலத்தில 21 பைக்கு இறங்கிட்டுது. அந்தச் சனம் ஒரே இரவில சூழலை நேசிக்கத் தொடங்கினதெண்டு இல்லை, பை கேக்கிற அந்த நிமிசத்தில கை ஒருக்கா நிண்டு யோசிச்சது. எங்கட நாட்டிலயும் 2017 செப்டெம்பரில லஞ் ஷீற்றையும் றிஜிபோம் பெட்டியையும் தடை செய்தவை, 2025 நவம்பர் 1 இல இருந்து கடைக்காரர் பொலித்தீன் பாக்கைச் சும்மா குடுக்கேலாது, விலை போட்டு பில்லில காட்டவேணும் எண்டு விதி வந்திருக்கு.

ரெண்டாவதுக்கு, அதுதான் மற்றவையைப் பாத்து நடக்கிறதுக்கு, ஒரு வடிவான ஆய்வு இருக்கு. 2008 இல கோல்ட்ஸ்ரைன், சியால்டினி, கிறிஸ்கெவிசியஸ் எண்ட மூண்டு பேர் வெளியிட்டது. அமெரிக்காவில ஒரு ஹோட்டல் அறைகளில துவாயைத் திரும்பப் பாவிக்கச் சொல்லி அட்டை வச்சவை. சில அறையில "சூழலைக் காப்பாற்றுங்கோ" எண்ட கருத்தில, சில அறையில "இங்க தங்கின கூடுதலான ஆக்கள் துவாயைத் திரும்பப் பாவிச்சவை" எண்ட கருத்தில. முதலாவது அட்டைக்கு 35 வீதம் பேர் திரும்பப் பாவிச்சவை, ரெண்டாவதுக்கு 44 வீதம். இந்த ஆய்வில ஒருத்தரிட்டயும் வினாக்கொத்து குடுத்து "நீங்கள் பாவிப்பீங்களோ?" எண்டு கேக்கேல்லை, அறை துப்பரவு செய்யிறவை துவாய் எங்க கிடந்தது எண்டு பாத்து எழுதினவை. அதாலதான் எனக்கு இதில நம்பிக்கை கூட.

சுருக்கமா: விருப்பம், மற்றவையின்ர எதிர்பார்ப்பு, ஏலும் எண்ட நம்பிக்கை. ஒண்டு குறைஞ்சாலும் நடத்தை வாறது கஷ்டம், அதில எது குறையுது எண்டு கண்டுபிடிக்கிறதுதான் ஆய்வின்ர வேலை.

பச்சைப் பூச்சு

இதைக் கெதியாச் சொல்லிப்போட்டுப் போறன். ஒரு கொம்பனி செய்யிறதை விடக் கூடுதலாப் பச்சையாத் தன்னைக் காட்டுறதுக்குப் பேர் பச்சைப் பூச்சு, அந்தச் சொல்லை உண்டாக்கினவர் ஜே வெஸ்ரர்வெல்ட், 1986 இல. அதுவும் ஹோட்டல் துவாயை வச்சுத்தான், சூழலுக்காகத் துவாயைத் திரும்பப் பாவியுங்கோ எண்டு அட்டை வச்சிட்டு மற்ற விசயங்களில சூழலைப் பற்றி அக்கறையில்லாமல் இருக்கினம் எண்டு எழுதினவர்.

எங்கட கடையளில கூடுதலா ஏமாறுறது பிளாஸ்ரிக் சாமானின்ர அடியில இருக்கிற முக்கோணத்தைப் பாத்து. அதுக்குள்ள இருக்கிற 1, 2, 5 எண்ட இலக்கம் அது என்ன வகைப் பிளாஸ்ரிக் எண்டு மட்டும்தான் சொல்லுது. அது மீள்சுழற்சி செய்த சாமான் எண்டும் அர்த்தமில்லை, உங்கட ஊரில அதை எடுத்து மீள்சுழற்சி செய்வினம் எண்டும் அர்த்தமில்லை. பச்சை இலைப் படத்தை ஆரும் அச்சடிக்கலாம். மின்விசிறியிலயும் பல்ப்பிலயும் வாற அரசாங்க நட்சத்திர லேபிள் வேற சாதி, அது அளந்து போடுறது, நட்சத்திரம் கூடினால் கரண்ட் குறைய எடுக்கும்.

ஒரு சொல், ரெண்டு கருத்து

இப்ப பெண் தலைமைத்துவம். வன்னியில இந்தச் சொல்லில ஒரு சிக்கல் இருக்கு, இந்தச் சிக்கலுக்காகவே நான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினது.

2009 க்குப் பிறகு எங்கட ஊரில எந்தப் படிவத்தை எடுத்தாலும் "பெண் தலைமைத்துவக் குடும்பமா?" எண்டு ஒரு கேள்வி. கணவர் செத்துப்போனவர், காணாமல் ஆக்கப்பட்டவர், விட்டிட்டுப் போனவர், காயப்பட்டு உழைக்க ஏலாமல் இருக்கிறவர், அந்த வீட்டைத் தாய் ஒருத்தி கொண்டு நடத்துறா எண்டால் "ஆம்" எண்டு புள்ளடி போடவேணும். உதவி குடுக்கிறதுக்கு வச்ச ஒரு பிரிவு அது. அதில "ஆம்" எண்டு போட்ட எந்த அக்காவும் தலைமைக்கு ஆசைப்பட்டுப் போட்டவ இல்லை.

முகாமைத்துவப் பாடத்தில தலைமைத்துவம் எண்டால் வேற. ஒரு குழுவை ஒரு இலக்கை நோக்கிக் கொண்டு போறது, மற்றவையின்ர நினைப்பையும் வேலையையும் மாத்திற செல்வாக்கு. ஒரு ஆய்வு "வன்னியில பெண் தலைமைத்துவம்" எண்டு தொடங்கினால் அது எந்தக் கருத்தில எண்டு கட்டாயம் பாக்கவேணும், ரெண்டையும் கலந்தால் துயரத்தை எண்ணிப்போட்டு முன்னேற்றம் எண்டு எழுதின மாதிரிப் போகும்.

ரெண்டாவது கருத்துக்குள்ளயும் பதவி வேற, முடிவு எடுக்கிறது வேற. ஒருக்கா பனை ஓலை வேலை செய்யிற பொம்பிளையளின்ர கூட்டத்தில ஒரு மூலையில இருந்தனான். தலைவியா ஒரு அக்கா, வடிவா நீத்துப்பெட்டி இழைப்பா, கை வேலை நடக்க நடக்கக் கதைப்பா. வந்த உத்தியோகத்தர் அவவைப் பாத்து "சாயம் போட்ட பெட்டியோ, சாயம் இல்லாததோ செய்யப் போறீங்கள்?" எண்டு கேட்டவர். அவ வாய் திறக்க முன்னம் பின்னுக்கு இருந்த திட்டக்காரர் "சாயம் போட்டது, அதுதான் விக்கும்" எண்டு மறுமொழி சொல்லிப்போட்டார். அக்கா ஓலையைத் திருப்பிப் பிடிச்சு இழைக்கத் தொடங்கினா. பதிவேட்டில அவதான் தலைவி, காசோலையில அவவின்ர கையெழுத்து. ஒரு ஆய்வு பதிவேட்டைப் பாத்து "பெண் தலைமை: ஆம்" எண்டு எழுதினால் அண்டைக்கு நடந்ததை அது பிடிக்காது.

நாட்டளவிலயும் இதே கதை. உள்ளூராட்சி சபையளில பொம்பிளையள் 2 வீதத்துக்கும் குறைவா இருந்த நாடு இது, 1960 இல உலகத்தின்ர முதல் பெண் பிரதமரைக் கொண்டு வந்த நாடும் இதுதான். 2018 பெப்ரவரித் தேர்தலில இருந்து 25 வீத ஒதுக்கீடு வந்தது, கதிரை கிடைச்சது. கதிரையில இருந்து முடிவு எடுக்கினமோ எண்டது தனியாக் கேக்கவேண்டிய கேள்வி.

கதிரை கிடைக்கிறதே ஏன் கஷ்டம் எண்டதுக்கு ரெண்டு விளக்கம் சொல்லுறன். கண்ணாடிக் கூரை எண்ட சொல்லை 1978 இல மரிலின் லோடன் சொன்னவ: மேல போற வழி திறந்த மாதிரித் தெரியும், ஏறிப் போகேக்க தலை முட்டும், முட்டின பிறகுதான் அங்க ஒண்டு இருந்தது தெரியும். மற்றது 2002 இல அலிஸ் ஈக்லியும் ஸ்ரீவன் கராவும் எழுதினது, அதை எங்கட ஊர்க் கதையில சொன்னால் இப்பிடி: தலைவர் எண்டால் கண்டிப்பா இருக்கவேணும் எண்டு சனம் எதிர்பாக்குது, பொம்பிளை எண்டால் பொறுமையா இருக்கவேணும் எண்டும் அதே சனம் எதிர்பாக்குது. ஒருத்தி கண்டிப்பாக் கதைச்சால் "வாய்க்காரி", பொறுமையா இருந்தால் "தலைமைக்குச் சரிவராது". ரெண்டு எதிர்பார்ப்பும் ஒண்டோட ஒண்டு பொருந்தாததால எப்பிடி நடந்தாலும் குறை. எங்கட மாதர் சங்கத் தலைவியளிட்டக் கேட்டுப் பாருங்கோ, இந்த ஆய்வை வாசிக்காமலே அவை இதைச் சொல்லுவினம்.

குடை வித்தால் இரணைமடு நிரம்புமோ?

இப்ப ரெண்டையும் சேர்ப்பம், பேஸ்புக் சண்டையும் இதிலதான். "பெண் தலைமை உள்ள இடத்தில பசுமை கூட, ஆகவே பெண் தலைமை பசுமையைக் கொண்டு வருது" எண்டு சொல்லலாமோ?

இரணைமடுக் குளத்தின்ர வான்கதவு திறக்கிற காலத்தில கிளிநொச்சிக் கடையளில குடை நல்லா விக்கும். குடை வித்ததால குளம் நிரம்பினதெண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம், ரெண்டுக்கும் பின்னால மழை நிக்குது. ரெண்டு விசயம் சேர்ந்து கூடிக் குறையிறதுக்குப் பேர் இணைபு, ஒண்டு மற்றதை உண்டாக்கிறதுக்குப் பேர் காரண விளைவு. பொம்பிளையளைத் தலைமைக்கு எடுக்கிற கொம்பனி படிச்ச ஆக்களும் காசும் உள்ள பெரிய கொம்பனியா இருக்கலாம், அந்தக் காசாலதான் அது பசுமை வேலையும் செய்யுதாக்கும். வினாக்கொத்தை மட்டும் வச்சுச் செய்யிற கன ஆய்வுகள் இணைபைத்தான் காட்டும், வாசிக்கிறவை காரணம் எண்டு எடுத்துக்கொள்ளுகினம்.

காரணத்தைப் பிடிக்கிறது எப்பிடி? இந்தியாவில நடந்த ஒண்டைச் சொல்லுறன், ஏனெண்டால் இது எங்கட கிராமங்களுக்குக் கிட்டவான கதை. 1993 அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு அங்க கிராம சபைத் தலைவர் பதவியில மூண்டில ஒண்டு பொம்பிளையளுக்கு ஒதுக்கு. எந்தெந்தச் சபை எண்டதை ஆரும் விருப்பப்படி தெரிவு செய்யேல்லை, திருவுளச்சீட்டு மாதிரித்தான் விழுந்தது. அதால பொம்பிளை தலைவி வந்த ஊரும் வராத ஊரும் மற்ற எல்லாத்திலயும் ஒரே மாதிரி, இடையில மழை மாதிரி வேற ஒண்டு ஒளிச்சு நிக்கேலாது. ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்காளத்திலயும் ராஜஸ்தானிலயும் 265 சபையளைப் பாத்து 2004 இல வெளியிட்டவை. தலைவி உள்ள ஊரில குடிதண்ணிக்குக் கூடச் செலவழிச்சிருந்தவை. டுஃப்லோவுக்கு 2019 இல பொருளியல் நோபல் பரிசும் கிடைச்சது, வறுமையைப் பற்றி இப்பிடிப் பரிசோதனை முறையில செய்த வேலையளுக்காக.

இதில எனக்குப் பிடிச்ச இடம் ரோட்டுக் கதை. மேற்கு வங்காளத்தில தலைவியள் ரோட்டுக்கும் கூடச் செலவழிச்சவை, ராஜஸ்தானில ரோட்டுக்குக் குறைச்சவை. ஏனெண்டால் மேற்கு வங்காளத்தில ரோட்டுப் பிரச்சினையைப் பொம்பிளையள் கூடச் சொன்னவை, ராஜஸ்தானில அதை ஆம்பிளையள்தான் கூடச் சொன்னவை. தண்ணி அள்ளப் போறது ரெண்டு இடத்திலயும் பொம்பிளையள். அப்ப பொம்பிளை மனசு மென்மை, அதால பூமியை நேசிப்பா எண்ட கதை இல்லை இது. ஆர் எந்தச் சுமையைச் சுமக்கினமோ அதைக் குறைக்க அவைக்கு முடிவெடுக்க இடம் கிடைச்சது, அவ்வளவுதான். செட்டிகுளம் பக்கத்தில தண்ணி பவுசர் வர வாளியோட காத்து நிண்ட ஆக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பூமியை நேசிக்கிற பெண் எண்ட கதை எனக்குப் பயம் தாற கதை. 2016 இல அமெரிக்காவில வந்த ஒரு ஆய்வு, புறூவும் கூட்டாளியளும் செய்தது, பசுமையாச் சாமான் வாங்குறதைச் சனம் பொம்பிளைத்தனத்தோட சேர்த்துப் பாக்குது, ஆம்பிளையள் சிலர் அதாலயே ஒதுங்கினம் எண்டு காட்டினது. எங்கட வீட்டில இது எப்பிடி முடியும் எண்டு யோசியுங்கோ: குப்பை பிரிக்கிறது அம்மா, பாக் கழுவுறது அம்மா, கூட்டெரு போடுறது அம்மா, வயலால வாற அப்பா கடையில நிப்பாட்டி நாலு பாக்கோட வருவார். பிறகு ஒரு கூட்டத்தில "பசுமைக்குப் பெண்கள் தலைமை தாங்குகிறார்கள்" எண்டு பேச்சு. வேலை கூடினது தலைமை இல்லை. எந்தச் சாமான் வாங்குறது, எவ்வளவு காசு, வீட்டில ஆர் என்ன செய்யிறது எண்டதை அம்மா சொல்லி அது நடந்தால் அதைத் தலைமை எண்டு நான் ஒத்துக்கொள்ளுவன்.

ஒரு ஆய்வு கையில வந்தால்

நான் இப்ப ஆரும் "ஆய்வு சொல்லுது" எண்டு அனுப்பினால் நாலு விசயம் பாக்கிறனான். ஆக்களிட்ட வாயால கேட்டதோ, செய்ததைப் பாத்ததோ, பில்லைப் பாத்ததோ. ஆரிட்டக் கேட்டது, ஏனெண்டால் கம்பஸ் பிள்ளையள் தங்கட கூட்டாளியளுக்கே வட்ஸ்அப்பில லிங்க் அனுப்பி நிரப்பின ஆய்வை நெடுங்கேணி விவசாயியின்ர மனசு எண்டு சொல்லேலாது. பிறகு, பெண் தலைமை எண்டு அவை எதை எண்ணினது: பதவியையோ, முடிவையோ, படிவத்தில போட்ட புள்ளடியையோ. கடைசியா, சேர்ந்து நடந்ததைச் சொல்லுகினமோ, இதால அது நடந்தது எண்டு சொல்லுகினமோ. இதில ஒண்டுக்கும் பெரிய கணிதம் தெரிஞ்சிருக்கத் தேவையில்லை.

என்ர ஆய்வுக்கும் இதையே செய்து பாத்தனான். கேள்வியளை மாத்தி எழுதிக்கொண்டு அதே மாமியிட்டத் திரும்பப் போனன். "பொலித்தீனைத் தவிர்க்கிறீங்களோ?" எண்ட வசனத்தை வெட்டிப்போட்டு, "இந்தக் கிழமை கடைசியா வாங்கின மூண்டு சாமானை எதில கொண்டு வந்தனீங்கள், ஆர் வாங்கினது, எதை வாங்குறது எண்டு ஆர் சொன்னது?" எண்டு கேட்டனான்.

மாமி விரலை மடிச்சு எண்ணத் தொடங்கினா. "அரிசி மா, அது நான்தான் மில்லுக்குக் கொண்டு போனது, வாளியில. தேயிலை மகன் கொண்டு வந்தவன், பாக்கில, எந்தத் தேயிலை எண்டும் அவன்தான். மீன்..." எண்டு கொஞ்சம் நிப்பாட்டினவ. "மீன் பாக்கிலதான் பிள்ளை. சட்டியை நீட்டினால் அந்தத் தம்பி சட்டியிலயும் போடுவான், ஹோர்ன் கேட்டவுடன நான் காசை எடுத்துக்கொண்டு ஓடுறனான், சட்டி குசினியில நிண்டிடும். படலையடியில ஒரு ஆணி அடிச்சு உமலைக் கொழுவி விட்டால் சரிவரும்."

அந்தப் பதிலுக்கு இந்த முறையும் வினாக்கொத்தில பெட்டி இல்லை. பக்கத்துக் கரையில பென்சிலால எழுதிக்கொண்டு வந்தனான்.